அச்சத்தின் கணக்கு: மடவளைக் கடைவீதியும் கிரிப்டோ நாணயமும்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கிழக்கே பிரிந்து செல்லும் வீதியில், கண்டி நகரத்துக்குச் சமீபமாக அமைந்த மடவளை பஸாரில் பரம்பரையாக வியாபாரம் செய்துவரும் முஸ்லிம் குடும்பங்களுக்கு, பணத்தைச் சூழ்ந்துள்ள அபாயங்களைப் பற்றி எவரும் உபதேசம் செய்ய வேண்டிய அவசியம் இருந்ததில்லை. கடனுக்குக் கொடுத்த சரக்கின் காசு வந்து சேராமற் போவதும், பின்தேதியிட்டு வாங்கிய செக் திரும்பி வருவதும், பெருநாளை நம்பி நிறைத்துவைத்த துணி விலைபோகாமல் தேங்குவதும் அவர்களுக்கு அன்றாட அனுபவங்கள். முன்ஜாக்கிரதை மிகுந்த அத்தகைய ஒரு கடைவீதியில், கையால் தொட இயலாததும், அரசாங்கத்தின் முத்திரை இல்லாததும், காலையில் ஒரு விலையும் மாலையில் வேறொரு விலையுமாக இருப்பதுமான கிரிப்டோ நாணயத்தைப் பற்றிய பேச்சு ஏன் எழுந்தது, எழுந்த பேச்சு சிலரிடத்தில் ஏன் செயலாகவும் பரிணமித்தது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

இவ்விஷயத்தைப் பற்றி மேல்நாட்டு அறிஞர்கள் வகுத்த கோட்பாட்டுக்கு அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட வயதுண்டு. பொருள் வாங்குவோனின் நடத்தையை அபாயத்தை மேற்கொள்ளும் ஒரு செயலாகவே கருத வேண்டும் என்று 1960இல் ரேமண்ட் பவர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் கூறினார். மனிதன் அஞ்சி விலகுவது உள்ளபடி இருக்கும் அபாயத்தைக் கண்டன்று, தன் மனத்துக்குத் தோன்றும் அபாயத்தைக் கண்டே என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஜேகபி, கப்லான் என்னும் இருவர் 1972இல் இந்த அபாய உணர்வை ஐந்தாகப் பகுத்து, பணநஷ்டம், பொருள் எதிர்பார்த்தபடி பயன்படாமை, உடலுக்குத் தீங்கு, மனச் சங்கடம், பிறர் முன்னிலையில் மதிப்பிழத்தல் என நிரைப்படுத்தினர். ஃபெதர்மன், பவ்லூ ஆகியோர் 2003இல் இதே பகுப்பை இணையவழிச் சேவைகளுக்கு விரித்துரைத்தனர். கிரிப்டோ நாணயத்தைப் பற்றிப் பின்வந்த ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவை இந்தத் தடத்திலேயே நடக்கின்றன; வினாப்பத்திரம் ஒன்றைக் கொடுத்து, இதில் அபாயம் உண்டென்று எவ்வளவு கருதுகிறீர், இதை உபயோகிக்க எவ்வளவு விரும்புகிறீர் என்று கேட்டு, முன்னது ஏறப் பின்னது இறங்கும் என்று காட்டுகின்றன.

இது தவறென்று நான் சொல்ல வரவில்லை. எனினும் அவ்வினாப்பத்திரத்தில் ஒரு கேள்வி விடுபட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கிரிப்டோ அபாயகரமானதா என்று கேட்பவர், எதனோடு ஒப்பிட்டு அபாயகரமானது என்று கேட்பதில்லை. ஸ்திரமான நாணயமும் நம்பத்தக்க வங்கியும் உள்ள தேசத்தில் இந்தக் கேள்விக்குப் பெரிய அவசியமில்லை. அங்கே பணத்தைச் சும்மா வைத்திருப்பது பத்திரமாக வைத்திருப்பதற்குச் சமானம். 2022ஆம் ஆண்டின் இலங்கையில் பணத்தைச் சும்மா வைத்திருப்பதே பெரிய சாகசமாயிற்று.

அந்த ஆண்டின் கதை நாம் அனைவரும் அறிந்ததுதான் என்றாலும், எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும். மாதக்கணக்காக டொலர் ஒன்றை ஏறத்தாழ 203 ரூபாவில் பிடித்துவைத்திருந்த இலங்கை மத்திய வங்கி, 2022 மார்ச் 7ஆம் திகதி அந்தப் பிடியைத் தளர்த்தியது. மே நடுப்பகுதியில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. இடையில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். வங்கிப் புத்தகத்தில் 10 இலட்சம் ரூபா வைத்திருந்த ஒருவனுடைய தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் மார்ச் மாதத் தொடக்கத்தில் உத்தியோக விகிதப்படி 4,900 டொலருக்குச் சற்று மேலாக இருந்த அதன் பெறுமதி மே நடுவில் 2,800 டொலருக்கும் கீழாகிவிட்டது. அவன் எந்தச் சூதாட்டத்திலும் இறங்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தான்.

இப்போது பிட்கொயினை எடுத்துக்கொள்வோம். அதே மார்ச் 7ஆம் திகதியளவில் ஒரு பிட்கொயின் சுமார் 38,000 டொலர்; ஜூன் முடிவில் 20,000 டொலருக்குச் சற்றுக் குறைவு. நியூயோர்க்கில் இருந்து பார்த்தவனுக்கு இது செல்வத்திற் பாதி அழிந்த பேரிடி. ஆனால் உத்தியோக விகிதங்களால் பெருக்கி ரூபாவில் எழுதினால், மார்ச்சில் 77 இலட்சமாக இருந்தது ஜூன் முடிவில் 71 இலட்சமாக நிற்கிறது. பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. உலகமே கிரிப்டோவின் வீழ்ச்சி என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், ரூபாவை அளவுகோலாகக் கொண்ட ஒருவன் அந்த வீழ்ச்சியை அவ்வளவாக உணரவே இல்லை. டொலரின் பெறுமதியைப் பின்பற்றும்படி அமைக்கப்பட்ட டெதர் போன்ற நாணயங்களின் விஷயம் இன்னும் விசேஷமானது. உத்தியோக விகிதத்தில் டொலர் எவருக்கும் எளிதாகக் கிடைக்காத நாள்களில், 240 ரூபா கொடுத்து அதை வாங்கியிருந்தாலும்கூட, 10 இலட்சம் மே நடுவில் 15 இலட்சமாகத் தோன்றியிருக்கும். அதே மே மாதத்தில் டெரா யூஎஸ்டி என்னும் வேறொரு ‘ஸ்திர நாணயம்’ டொலருடன் இருந்த பிணைப்பை இழந்து சில நாள்களுக்குள் மண்ணோடு மண்ணானதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தப்பியவன் விவேகத்தால் தப்பினான் என்பதற்கு ஆதாரமில்லை.

ஆகவே கிரிப்டோவை நாடியவர்கள் அதிலுள்ள அபாயத்தை அறியாதவர்கள் என்ற பொதுவான அபிப்பிராயத்தை நான் பூரணமாக ஏற்கவில்லை. அவர்களிற் சிலராவது அறிந்தே நாடினர். மறுபக்கத்தில் இருந்ததை அவர்கள் அதைவிட நன்றாக அறிந்திருந்தனர்.

மறுபக்கத்தில் இருந்தது ரூபாவின் சரிவு மாத்திரமன்று. 2008இன் இறுதியில் கோல்டன் கீ கிரெடிட் கார்ட் கம்பனி வீழ்ந்தபோது, சுமார் 9,000 பேரின் 26 பில்லியன் ரூபா அதில் அகப்பட்டுக்கொண்டது. அது அனுமதிப்பத்திரம் இல்லாத நிறுவனம் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டவர்களுக்கு, 2020இல் அந்த ஆறுதலும் இல்லாமற் போயிற்று. 1940 முதல் இயங்கிவந்ததும், மத்திய வங்கியின் அனுமதி பெற்றதுமான த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் அந்த ஆண்டு மே மாதத்தில் ரத்தாயிற்று. ஜூலையில் ஈடிஐ என்னும் நிதி நிறுவனத்தினுடையதும் ரத்தாயிற்று. வைப்புக் காப்புறுதியாகக் கிடைக்கக்கூடியது அப்போது ஆளுக்கு அதிகபட்சம் 6 இலட்சம் ரூபா. ஓய்வூதியத் தொகையையோ மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த பணத்தையோ அங்கே போட்டிருந்தவனுக்கு ‘ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனம்’ என்ற சொற்றொடர் இனி எவ்வளவு பாதுகாப்பாகத் தொனிக்கும்?

பின்னர் 2023 ஜூன் கடைசி. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை முன்னிட்டு ஜூன் 30ஆம் திகதியை விசேஷ வங்கி விடுமுறையாக அரசாங்கம் பிரகடனஞ் செய்ய, முன்னும் பின்னும் இருந்த விடுமுறைகளோடு சேர்ந்து வங்கிகள் ஐந்து நாள் மூடிக்கிடந்தன. அந்த ஐந்தில் முதல் நாள், ஜூன் 29, ஹஜ்ஜுப் பெருநாள். குர்பானி இறைச்சி பங்கிடும் வீடுகளில், பெருநாள் சலாத்தோடு கூடவே ‘பேங்க்ல போட்ட சல்லிக்கு ஒண்டும் ஆகாதாமா’ என்ற விசாரணையும் சேர்ந்துகொண்டது. வைப்புகளுக்கு எந்தப் பங்கமும் நேராது என்று மத்திய வங்கி முன்னரே உறுதி கூறியிருந்தது. அந்த உறுதி காப்பாற்றவும்பட்டது. ஆனால் உறுதி கூற வேண்டிய நிலைமை வந்துவிட்டதே என்பதுதான் கேட்டவர் மனத்தில் தங்கியது.

கண்டிப் பிரதேசத்து முஸ்லிம் வியாபாரியின் அபாயக் கணக்கில் இன்னொரு பத்தியும் உண்டு. மேற்சொன்ன ஐந்து பிரிவுகளுக்குள் அது எளிதில் அடங்குவதன்று. 2018 மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் தொடங்கி, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வரை பரவிய வன்செயலில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டு, கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு நிலவியது. திகன மடவளைக்குத் தூரமன்று. ஒரு வாழ்நாளின் சம்பாத்தியம் முழுவதும் தட்டுகளில் அடுக்கிய சரக்காக இருப்பவனுக்கு, அது ஒரே இரவிற் சாம்பலாகலாம் என்ற பிரக்ஞை வந்துவிட்ட பிறகு, கண்ணுக்குத் தெரியும் சொத்து, தெரியாத சொத்து என்ற பேதம் தலைகீழாகிவிடுகிறது. காணமுடியாத பணம் என்று பிறர் குறை கூறுவது அவனுக்குக் குணமாகத் தோன்றக்கூடும். இதை ஒரு சாத்தியமாகவே கூறுகிறேன். அந்த நெருப்பிலிருந்து நேரே கிரிப்டோவுக்குப் பாதை அமைந்தது என்று கூறினால் அது மிகையாகும். தங்கமே அத்தகைய மனநிலைக்கு முதற் புகலிடமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

சட்டத்தின் கண்ணில் அபாயகரமானதும் மக்களின் கண்ணில் அபாயகரமானதும் ஒன்றல்ல என்பதற்கு, கிரிப்டோவுக்கு நெடுங்காலம் முந்திய சாட்சி உண்டியல். கட்டாரிலோ சவூதியிலோ ஒருவர் ரியாலைக் கொடுக்க, இங்கே அவருடைய வீட்டு வாசலில் ரூபா வந்து சேரும் அம்முறைக்கு ரசீதும் இல்லை, முறையீடு செய்ய நீதிமன்றமும் இல்லை. இருந்தும் 2021இலும் 2022இன் முற்பகுதியிலும், வங்கி 203 ரூபா கொடுத்த டொலருக்கு உண்டியல்காரர் 240க்கு மேல் கொடுத்தபோது, வங்கிவழி வந்த பணம் வற்றியது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த தொழிலாளர் பணம் 2021இல் 5.5 பில்லியனாகவும், 2022இல் 3.8 பில்லியனாகவும் இறங்கிற்று. உண்டியல் சட்டவிரோதமானது, பயங்கரவாதத்துக்குத் துணைபோவது என்றெல்லாம் வெளிவந்த எச்சரிக்கைகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. கேட்டவர்கள் அவற்றை மறுக்கவுமில்லை, பொருட்படுத்தவுமில்லை. பணம் கொண்டுவருபவரின் தகப்பனாரையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

கிரிப்டோ நாணயம் இந்த ஊர்களில் கைமாறும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால், அது பெரிதும் உண்டியலின் வழியையே பின்பற்றுவது தெரியும். கைத்தொலைபேசிக் கடையொன்றில் நான் பார்த்த ஒரு பரிமாற்றம் இது. வாங்குபவர் நடுவயதினர், உதவி செய்பவன் இருபது வயதைத் தாண்டிய இளைஞன். பைனான்ஸ் என்னும் சர்வதேசச் சந்தையின் செயலியில், தனிமனிதர் ஒருவருக்கொருவர் விற்கும் பகுதியைத் திறந்து, டெதர் விற்பவர்களின் பட்டியலில் ஒருவரைத் தேர்ந்தான். விற்பவரின் டெதரைச் சந்தை தன்வசம் பிடித்துவைத்துக்கொள்ள, திரையில் கடிகாரம் இறங்கத் தொடங்கியது. அந்த அவகாசத்துக்குள் முன்பின் அறியாத ஒரு மனிதரின் வங்கிக் கணக்குக்கு ரூபாவை அனுப்ப வேண்டும். அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் விரல் தயங்கியதைக் கண்டு, ‘அதில ஒண்டும் எழுத வாணாம் நானா’ என்றான் இளைஞன். பிறகு காசு செலுத்தியாயிற்று என்ற பொத்தான்; பிறகு காத்திருத்தல். விற்பவர் தம் கணக்கில் ரூபா வந்ததைப் பார்த்து விடுவித்தவுடன் டெதர் இவருடைய கணக்கில் வந்து விழுந்தது. அத்தனை நேரமும் அந்த மனிதர் திரையைப் பார்க்கவில்லை, இளைஞனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குறிப்பு எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வெளியான பணிப்புரைகளின்படி, இலங்கை வங்கிகளின் டெபிட், கிரெடிட் அட்டைகளைக் கொண்டு கிரிப்டோ வாங்க இயலாது. அந்நியச் செலாவணி வெளியேறுவதைத் தடுப்பதே நோக்கம். நாட்டின் அன்றைய நிலைமையில் அது நியாயமான நோக்கமே. ஆனால் விளைவைக் கவனிக்க வேண்டும். அட்டையைக் கொண்டு சந்தையிடமே நேராக வாங்கியிருக்கக்கூடியவன், இப்போது அறியாத ஒருவரின் கணக்குக்கு ரூபா அனுப்பி வாங்குகிறான். அந்த ரூபாவின் மறுமுனையில் இருப்பவர் நேர்மையான வியாபாரியா, வேறொரு மோசடியின் பணத்தைச் சுற்றிவிடுபவரா என்பது அவனுக்குத் தெரியாது. பின்னது உண்மையானால் அவனுடைய கணக்கும் விசாரணைக்குள் வரும். அபாயத்தைக் குறைக்கப் பிறந்த விதி, அபாயத்தின் இடத்தை மாற்றியதோடு, அதைக் கண்டறியும் பொறுப்பையும் அறிமுகம் செய்துவைப்பவனின் முகத்தில் ஏற்றிவிட்டது.

அந்த முகந்தான் இக்கட்டுரையின் பிரதானமான விஷயத்துக்கு நம்மைக் கொண்டுவருகிறது. பவுல் ஸ்லோவிக் என்னும் உளவியலறிஞர் 1987இல் எழுதிய பிரசித்தமான கட்டுரையில், நிபுணர்கள் அபாயத்தைச் சாவுகளின் தொகையால் அளக்க, சாமானியர்கள் திகிலூட்டுந் தன்மையாலும் அறியப்படாத தன்மையாலும் அளக்கிறார்கள் என்று காட்டினார். பின்னர் அவரும் அல்ஹகாமி என்பவரும் 1994இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது: உலகில் இலாபம் மிகுந்த இடத்தில் அபாயமும் மிகுந்திருப்பது சகஜமாயிருக்க, மனித மனத்திலோ நன்மை மிகுந்ததாகத் தோன்றுவது அபாயம் குறைந்ததாகவும் தோன்றிவிடுகிறது. ஒன்றை நமக்குப் பிடித்துவிட்டால் அதன் கெடுதி கண்ணுக்குத் தெரியாது. ஸ்லோவிக் சொன்ன ‘அறியப்படாமை’ கிரிப்டோவுக்குப் பெரிய தடையாக இருந்திருக்க வேண்டும். அந்தத் தடையைத் தாண்டும் வழியையும், பிடித்துப்போகச் செய்யும் வழியையும் மோசடிக்காரர்கள் ஒரே இடத்திற் கண்டுபிடித்தனர். அறியாத பொருளை அறிந்த மனிதர் மூலம் விற்பதே அந்த வழி.

எம்டிஎஃப்ஈ என்னும் செயலியின் கதை இதற்குப் போதிய திருஷ்டாந்தம். இலங்கையிலும் பங்களாதேஷிலும் நைஜீரியாவிலும் பரவிய அது, வைப்பாகப் பெற்ற டெதரைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு தானாகவே வர்த்தகம் செய்து இலாபம் ஈட்டுவதாகக் கூறிற்று. திரையில் இலாபம் ஏறிக்கொண்டே வந்தது. சில நாள்களிற் சிறு நஷ்டமும் காட்டப்பட்டது. இந்த நஷ்டம் ஒரு மகா தந்திரம், ஏனெனில் வியாபாரம் தெரிந்தவன் தினமும் இலாபம் என்றால் சந்தேகிப்பான், இடைக்கிடை நஷ்டம் என்றால் நம்புவான். ஆளைச் சேர்த்தவனுக்குக் கொமிஷன், பலரைச் சேர்த்தவனுக்குத் தலைமை நிர்வாகி என்ற பட்டம். 2023 ஓகஸ்டில் பணம் எடுக்கும் வழி அடைபட்டது. அடுத்துக் கணக்குகள் பூச்சியத்துக்குக் கீழே இறங்கி, வைப்புச் செய்தவனே இன்னும் பணங்கட்ட வேண்டும் என்று காட்டின. வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்யும் பிரமிட் திட்டங்களின் பட்டியலில் மத்திய வங்கி இதனையும், இதற்கு முன் வந்த ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மெக்ஸ் டீடீ முதலியவற்றையும் சேர்த்திருக்கிறது. இவற்றிற் சேர்ந்தவர்கள் கிரிப்டோவின் விலையேற்ற இறக்கத்தை நிறுத்துப்பார்த்துச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் நிறுத்துப்பார்த்தது மச்சானை; சாச்சாவின் மகனை; தம் பிள்ளைக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்த சேரை. அந்த மனிதர் அதற்குள் ஒருமுறையாவது பணம் எடுத்துக் காட்டியிருப்பார். அதில் ஒரு புது மோட்டார் சைக்கிளும் வந்திருக்கும்.

மார்க்க ரீதியான அச்சத்தைப் பற்றி மேல்நாட்டுப் பகுப்புகளில் இடமில்லை. மடவளையில் அதற்குத்தான் முதலிடம் என்று எதிர்பார்க்கலாம். எகிப்தின் அன்றைய தலைமை முஃப்தி ஷவ்கி அல்லாம் 2018இன் தொடக்கத்தில் பிட்கொயின் வர்த்தகம் ஹராம் என்று தீர்ப்பளித்தார். இந்தோனேசிய உலமாப் பேரவை 2021 நவம்பரில் கிரிப்டோவை நாணயமாகப் பயன்படுத்துவதை விலக்கிற்று. மலேசியாவில் பங்குச்சந்தை ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனைச் சபையோ, பதிவு பெற்ற சந்தைகளில் டிஜிட்டல் சொத்துகளை வர்த்தகம் செய்வது ஆகுமானதென்று 2020இல் கூறியிருந்தது. கரர் என்னும் நிச்சயமின்மையும் மைஸிர் என்னும் சூதும் இதில் உண்டா என்பதே வாதத்தின் மையம். இத்தகைய கருத்துபேதம் நிலவும்போது தனிமனிதன் என்ன செய்வான்? தனக்கு முன்பே விருப்பமான பக்கத்துத் தீர்ப்பைத் தேடி எடுத்துக்கொள்வான். வட்ஸ்அப் அதை அவன் கையில் கொண்டுவந்தும் தரும். எம்டிஎஃப்ஈ போன்றவற்றில் நிலையான வட்டி வாக்களிக்கப்படாமல், வர்த்தக இலாபத்திற் பங்கு என்ற பேச்சே முன்வைக்கப்பட்டதால், வட்டிக்கு அஞ்சி நிதிக் கம்பனியை எட்டியும் பாராத ஒருவன் இதில் மனச்சாட்சி உறுத்தாமல் நுழையக்கூடிய விபரீதமும் இருந்தது.

நஷ்டம் வந்தபின் அபாய உணர்வு என்ன ஆகிறது என்பதையும் ஆராய்ச்சிகள் அதிகம் கவனிப்பதில்லை. பணம் போனவன் பொலிசுக்குப் போக வேண்டுமானால், தன்னைச் சேர்த்துவிட்டவரின் பெயரைச் சொல்ல வேண்டும். அவரோ அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பக்கத்து வரிசையில் நிற்பவர், அவரும் பணம் இழந்தவர். தானே மூன்று பேரைச் சேர்த்திருந்தால் முறைப்பாடு தன்மேலும் திரும்பும். ஜேகபியும் கப்லானும் ஐந்தாவதாகச் சொன்ன மதிப்பிழத்தல், வாங்குவதற்கு முன் மனிதனைத் தடுக்கும் அச்சமாகவே எண்ணப்பட்டது. இங்கு அது வாங்கியபின் அவன் வாயை அடைக்கும் அச்சமாக வேலை செய்கிறது. வாய் அடைபட்டால் நஷ்டத்தின் செய்தி பரவுவதில்லை. செய்தி பரவாத இடத்தில் அடுத்த செயலி அதே கதையோடு வரும்போது அதற்கு அபாயத்தின் வாசனையே இராது.

2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மத்திய வங்கி கிரிப்டோவைப் பற்றி வெளியிட்ட எச்சரிக்கைகளை இந்த வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும். இது ஒழுங்குமுறைக்கு உட்படாத கருவி, இதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, நஷ்டம் நேரலாம் என்று அவை கூறியவை யாவும் மெய். ஆனால் அவை பொருளைப் பற்றிப் பேசின, மக்களோ மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவை அபாயத்தைத் தனியாக எடுத்துக் காட்டின, மக்களோ அதை ரூபாவின் அபாயத்தோடு சேர்த்து நிறுத்துக்கொண்டிருந்தனர். இந்தியாவில் 2018இல் ரிசர்வ் வங்கி விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கியதும், 2022இல் 30 வீத வரி வந்ததும் சட்டத்தின் பார்வை எங்கே நிற்கிறது என்பதையாவது குடிமகனுக்கு உணர்த்தின. வரி என்பது அங்கீகாரம் அன்று என்று அரசாங்கம் எவ்வளவு சொல்லியும் பலர் அதை அங்கீகாரமாகவே கொண்டனர் என்பது வேறு விஷயம். நம் நாட்டிலோ பிட்கொயினும் டெதரும் ஒருபுறம், அவற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த பிரமிட் செயலிகள் மறுபுறம் என்ற வித்தியாசம் கடைவீதிக்கு எட்டவே இல்லை. இரண்டையும் கிரிப்டோ என்ற ஒரே பெயரால் அழைக்கும்வரை, முன்னதைப் பயன்படுத்தி நஷ்டப்படாதவனின் அனுபவம் பின்னதற்கு நற்சான்றாகவும், பின்னதில் அழிந்தவனின் கதை முன்னதற்கு அவப்பெயராகவும் மாறிமாறிப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.

ரூபா ஓரளவு ஸ்திரமடைந்து, வங்கி விகிதத்துக்கும் உண்டியல் விகிதத்துக்கும் இடையிலிருந்த பெரும் பள்ளம் தூர்ந்தபின், தொழிலாளர் பணம் 2023இல் ஏறக்குறைய 6 பில்லியன் டொலராகவும், 2024இல் 6.5 பில்லியனுக்கு மேலாகவும் வங்கிக்குத் திரும்பியது. உபதேசத்தால் ஆகாதது விகிதத்தால் ஆயிற்று. நாணயத்தின் சரிவுக்கு அஞ்சி டெதரை நாடியவர்களிடத்திலும் இதே தர்க்கம் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. மச்சானை நம்பிச் செயலியில் சேர்ந்தவனுடைய விஷயம் வேறு. டொலர் 300 ரூபாவில் நின்றாலும் 200இல் நின்றாலும் அவனுடைய கணக்கில் அது ஒரு பொருட்டன்று.